இரு கையும் கயிற்றில், போன் எங்கே?

தூத்துக்குடியின் திரேஸ்புரம் கரையிலிருந்து வள்ளம் தள்ளிக் கிளம்புகிறவர்களில் செல்போன் இல்லாத ஆளைப் பார்ப்பது இன்று அரிது. ஆனால் கடலில் வலை வாங்கும் நேரத்தில் அந்தப் போன் அவர் உடம்பில் இருக்காது. பாலித்தீன் பையில் சுற்றி, வாயை முறுக்கி ரப்பர் பேண்ட் போட்டு, சோற்றுத் தூக்குக்குப் பக்கத்திலோ அணியத்துப் பலகைக்கு அடியிலோ வைத்திருப்பார். மணி அடித்தால் இன்ஜின் சத்தத்தில் கேட்காது. கேட்டாலும் எடுக்க முடியாது. இரண்டு கையும் கயிற்றில் இருக்கும்.

கருவிக்கும் கைக்கும் நடுவே இருக்கும் இந்த நாலடி தூரம் சின்ன விஷயமாகத் தோன்றலாம். கடலில் அது சின்ன விஷயம் இல்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலைப் புரட்டிப்போட்ட பிறகு, மீனவருக்கு என்ன கருவி கொடுக்கலாம் என்று நாடு நிறையப் பேசியது. கருவிகளும் வந்தன. அவற்றை உடம்பில் எங்கே கட்டுவது, எதைக்கொண்டு கட்டுவது, ஆபத்து நேரத்தில் எப்படிக் கழற்றுவது என்ற கேள்விக்கு அந்தப் பேச்சில் இடம் கிடைக்கவில்லை. முத்துக்குளிப்பும் சங்குகுளிப்பும் துறைமுகமும் உப்பளமும் ஒரே ஊரில் கூடியிருக்கும் தூத்துக்குடிக்கு அதைக் கேட்கும் உரிமை மற்ற ஊர்களைவிடக் கூடுதலாக உண்டு.

போனை உடம்பில் மாட்டிக்கொள்ளக் கடைத்தெருவில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, மேல்கையில் சுற்றிக் கட்டும் பட்டை: நைலான் உறை, முன்னால் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், ஒட்டிப் பிரிக்க வெல்க்ரோ. இன்னொன்று, கழுத்தில் தொங்கவிடும் தண்ணீர் புகாத பை. முதலாவது ஓடுகிறவர்களுக்காகப் பிறந்தது. 1979இல் சோனி வாக்மேன் வந்தபோது பாட்டு நடமாடத் தொடங்கியது, 2001இல் ஐபாட் வந்தபோது பெட்டி உள்ளங்கைக்குள் அடங்கியது, கைப்பட்டைகள் பெருகின. காலையில் பூங்காவைச் சுற்றி ஓடி, வீடு திரும்பி, பட்டையைத் துவைத்துக் காயப்போடும் ஒருவரை மனத்தில் வைத்துத் தைத்த பொருள் அது. கழுத்துப் பையோ கடற்கரைக்குச் சுற்றுலா வருகிறவருக்கானது. வேலை செய்யும் கையை மனத்தில் வைத்து இந்த இரண்டையும் யாரும் செய்யவில்லை.

வேலை செய்யும் கையைப் பார்த்துச் செய்த கருவிகளும் உலகத்தில் உண்டு. சட்டைப்பையில் சங்கிலியோடு கிடந்த கடிகாரம் ஆண்களின் மணிக்கட்டுக்குப் பரவலாக ஏறியது முதல் உலகப் போரில். துப்பாக்கியும் வரைபடமும் பிடித்த கை, நேரம் பார்க்கப் பைக்குள் போக முடியவில்லை. 1969இல் அப்போலோ 12 விண்வெளி வீரர்கள் நிலவில் இறங்கியபோது, செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் சிறு புத்தகமாக அவர்களின் இடது முன்கையில் கட்டப்பட்டிருந்தது. தடித்த கையுறையோடு புரட்டும் அளவுக்குப் பக்கங்கள் பெரியவை. 1990களில் அமெரிக்காவின் யு.பி.எஸ். பார்சல் நிறுவனத்துக்காகச் சிம்பல் நிறுவனம் விரலில் மோதிரம் போல ஒரு ஸ்கேனரும் முன்கையில் ஒரு சிறு கணினியும் செய்தது. பெட்டி தூக்கும் கை பெட்டியை விடாமலேயே எண்ணைப் படித்தது. வேலை நடக்கும் நேரத்தில் கை எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்த பிறகுதான் இவற்றில் கருவிக்கு இடம் குறித்தார்கள்.

கல்லும் கயிறும்

நம் கடலும் அந்த ஞானத்தை அறிந்ததுதான். கொற்கைக் காலத்திலிருந்து பேர்போன மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு, 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்த சலாபங்களோடு, அதாவது முத்தெடுப்புப் பருவங்களோடு, தூத்துக்குடியில் நின்றுபோனது. முத்துச்சிப்பி படுக்கும் பாறைத் திட்டுகளுக்குப் பார் என்று பெயர். தொலையிரம் பார் அவற்றில் புகழ்பெற்றது. ஆழம் பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாகம். ஒரு மூச்சில் போய் ஒரு மூச்சில் திரும்ப வேண்டும். கீழே கிடைப்பது சுமார் ஒரு நிமிடம்.

குளிப்பவர் உடம்பில் என்னென்ன இருந்தன என்று பாருங்கள். காலுக்கு ஒரு கல், ஏறக்குறைய 15 கிலோ, மேலே பாதம் நுழைக்க ஒரு கயிற்று வளையம். சிப்பி அள்ள ஒரு வலைப்பை. அந்தப் பையிலிருந்து மேலே படகுக்கு ஒரு கயிறு. படகில் அந்தக் கயிற்றின் நுனியைப் பிடித்தபடி ஓர் ஆள். கல்லின் கனத்தில் குளிப்பவர் கீழே போவார். தரை தட்டியதும் பாதத்தை வளையத்திலிருந்து உருவிவிடுவார். மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். பை நிறைந்ததும், அல்லது மூச்சு முட்டியதும், கயிற்றை ஒரு வெட்டு வெட்டினால் மேலே இருப்பவர் தூக்குவார். கயிறு பிடிப்பவர் பெரும்பாலும் சொந்தக்காரராகவோ நெடுநாள் கூட்டாளியாகவோ இருப்பார். வேறு எவர் கையில் உயிரைக் கொடுக்க முடியும்?

இந்த ஏற்பாட்டில் நான் வியப்பது ஒன்றை. உடம்போடு இருக்கும் எதுவும் உடம்பில் முடிச்சுப் போட்டு இறுகியது இல்லை. கல்லை உருவலாம். பையை விடலாம். கயிற்றைப் பிடிக்கலாம், விடலாம். வேலைக்காக உடம்போடு சேரும் பொருள், ஆபத்து வந்தால் ஒரு நொடியில் பிரிய வேண்டும் என்ற சட்டத்தைப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம் குளிகாரர்களும் பல நூறு ஆண்டுகள் கடைப்பிடித்தார்கள். அந்தக் கயிறு ஒரு தகவல் கருவியும்கூட. ஒரு வெட்டு, அதற்கு ஒரு பதில். நடுவில் தாமதம் இல்லை.

சங்குகுளிப்பவர் மணிக்கட்டு

முத்து நின்றது, சங்கு நிற்கவில்லை. வங்காளத்து மணப்பெண்ணின் வெள்ளை வளையலுக்காகத் தூத்துக்குடிச் சங்கு இன்றும் கடலடியிலிருந்து கையால் எடுக்கப்படுகிறது. மீன்வள அறிஞர் ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் இந்தச் சங்கைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அவர் காலத்தில் மூச்சடக்கிக் குளித்தார்கள். இன்றைய சங்குகுளி மீனவர்கள் முதுகில் சிலிண்டரோடு போகிறார்கள், அல்லது படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு போகிறார்கள்.

இந்த மாற்றம் உடம்புக்கு உள்ளே என்ன செய்தது என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு. 20 மீட்டரில் மூன்று மடங்கு. அந்த ஆழத்தில் மூச்சாக இழுக்கும் காற்றும் அதே அழுத்தத்தில்தான் வருகிறது. அதிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் மூட்டுகளிலும் கரைந்துகொண்டே போகும். மெதுவாக மேலே வந்தால் மூச்சு வழியே வெளியேறிவிடும். வேகமாக வந்தால் உடம்புக்குள்ளேயே குமிழாகும். மூட்டில் வலி, தோலில் அரிப்பு, கால் மரத்துப்போதல், சில சமயம் இடுப்புக்குக் கீழே நிரந்தரமாக உணர்வின்மை. இன்னொரு ஆபத்து இதைவிட வேகமானது. அழுத்தக் காற்றை நுரையீரல் நிறைய இழுத்தவர் மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், காற்று விரிந்து நுரையீரல் கிழியும். மூச்சடக்கிக் குளித்த தகப்பன் உயிர் காக்கக் கற்றுக்கொடுத்த பாடமே சிலிண்டரோடு போகும் மகனின் உயிரை எடுத்துவிடும். இதைச் சொல்லித்தர முறையான பயிற்சி வேண்டும். அதற்கு மாற்றே கிடையாது.

அந்தப் பயிற்சிக்குத் துணையாக மணிக்கட்டில் ஒரு கருவி இருக்க வேண்டும். எவ்வளவு ஆழம் போனால் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908இலேயே கணக்குப் போட்டு அட்டவணை தந்துவிட்டார். அந்த வழியில் வளர்ந்த அமெரிக்கக் கடற்படையின் பழைய அட்டவணைப்படி, 18 மீட்டர் ஆழத்தில் 60 நிமிடம் வரை இருந்துவிட்டு, நடுவில் நிற்காமல் சீராக மேலே வரலாம். 30 மீட்டரில் அந்த நேரம் 25 நிமிடமாகச் சுருங்கும். அதே நாளில் இரண்டாம் முறை இறங்கினால் உடம்பில் ஏற்கெனவே நைட்ரஜன் மிச்சம் இருக்கும். நேரம் இன்னும் குறையும். சங்குகுளிப்பவர் ஒரு நாளில் பலமுறை இறங்குகிறவர். 1980களில் இந்தக் கணக்கை மணிக்கட்டிலேயே போடும் டைவ் கம்ப்யூட்டர் வந்தது. எத்தனை நிமிடம் மிச்சம், எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்று கடிகார முகத்தில் காட்டும். வேகமாக ஏறினால் எச்சரிக்கும். அந்தமானுக்கும் கர்நாடகக் கடலின் நேத்ராணித் தீவுக்கும் பொழுதுபோக்காகக் குளிக்கப் போகிறவர் கையில் அது இருக்கிறது. பிழைப்புக்காக ஆண்டு முழுக்கக் குளிக்கிறவர் கைக்கு அது வந்து சேரவில்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

விலை கூடுதல் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. முன்கையில் வளைந்து உட்காரும் பிளாஸ்டிக் எழுதுபலகை, மூழ்கி வேலை செய்கிறவர்கள் உலகெங்கும் கட்டிக்கொள்ளும் எளிய பொருள். அதில் ஆழம், நேரம், ஓய்வு ஆகிய மூன்று கட்டங்களும் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, பக்கத்தில் ஓர் ஆழமானியும் தண்ணீர் புகாத கைக்கடிகாரமும் இருந்தால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம். மின்சாரம் வேண்டாம், சார்ஜ் வேண்டாம். சங்கு பொறுக்கும் வலது கைக்கு இடைஞ்சல் இல்லாமல் இடது முன்கையின் உட்புறத்தில் கட்ட வேண்டும். தலை திருப்பாமல் கண்ணில் படும்.

கடலுக்கு மேலே கை சரியான இடம் இல்லை

குளிப்பவருக்கு மணிக்கட்டு பொருந்துகிறது என்பதற்காக வலைக்காரருக்கும் அதையே மாட்டிவிடக் கூடாது. வலை கடலுக்குள் பாயும்போது அதன் மடிப்பு, கயிறு, மிதவை, ஈயக்குண்டு எல்லாம் கைக்குப் பக்கத்தில் ஓடும். விசைப்படகில் வின்ச் சுற்றும். கையில் எது நீட்டிக்கொண்டிருந்தாலும் அதில் மாட்டும்; மாட்டினால் ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். அனுபவசாலிகள் மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் வலையைத் தொடுவார்கள். ஓட்டப்பந்தயக்காரரின் மேல்கைப் பட்டையை இவருக்குக் கட்டிவிடுவது ஆபத்தை விலைக்கு வாங்கிக் கட்டுவது.

இரண்டாவது காரணம் கடல் நீரின் குணம். செயற்கைக்கோளிலிருந்து வரும் ஜி.பி.எஸ். அலை உப்புநீருக்குள் சில சென்டிமீட்டர்கூடத் தாக்குப்பிடிக்காது. கடலில் விழுந்தவர் நீந்துகிறார் என்றால் கை தண்ணீருக்குள் இருக்கும்; வெளியே தெரிவது தலையும் தோளும். ஆகவே ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் கருவி தோளில், உயிர்காக்கும் அங்கியின் மேல்பக்கத்தில் இருக்க வேண்டும். 406 மெகாஹெர்ட்ஸில் அபாயக்குரல் எழுப்பும் தனிநபர் கருவிகளை வெளிநாட்டு மீன்பிடிப் படகுகளில் அங்கியின் மார்பிலும் தோளிலும் மாட்டுவது இதனால்தான். காஸ்பாஸ்-சார்சாட் செயற்கைக்கோள்கள் 1982 முதல் அந்தக் குரலைக் கேட்டு உயிர்களைக் காப்பாற்றி வருகின்றன. இந்தியாவும் அதில் பங்காளி. அதன் இந்தியக் கட்டுப்பாட்டு மையம் பெங்களூரில் இருக்கிறது.

நம் அரசு கொடுத்தவை படகுக்கான கருவிகள். செல்போன் சிக்னல் கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டரோடு முடிந்துவிடும் என்பதால், 2019 அக்டோபரில் ஜெமினி என்ற கருவி வந்தது: ககன் செயற்கைக்கோள் வழியே புயல் எச்சரிக்கையையும் மீன் கிடைக்கும் இடத்தையும் வாங்கி, புளூடூத்தில் போனுக்குத் தரும். கரையிலிருந்து கடலுக்கு மட்டும் பேசும். இஸ்ரோவின் அபாய அறிவிப்புக் கருவி 2010 முதல் புழக்கத்தில் இருக்கிறது. 2024 தொடக்கத்தில் வந்த அதன் இரண்டாம் தலைமுறை, செய்தி கிடைத்தது என்று படகுக்குத் திருப்பிச் சொல்லும். அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று, 1 லட்சம் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் பால்கரில் தொடங்கியது. இரண்டு பக்கமும் செய்தி போகும், நபமித்ரா செயலி வழியே நம் மொழியிலேயே படிக்கலாம். நல்ல வேலை, பாராட்ட வேண்டிய வேலை. பல நாள் தங்கி ஆழ்கடலில் வலை விடும் தருவைக்குளம் படகுகளுக்கு இது பெரிய துணை.

ஆனால் இவை அனைத்தும் படகோடு இருக்கின்றன. இரவில் படகு ஓரத்தில் நின்றவர் வழுக்கி விழுந்தால், படகு எங்கே இருக்கிறது என்று டிரான்ஸ்பாண்டர் துல்லியமாகச் சொல்லும். ஆள் எங்கே என்று சொல்லாது. பழைய முத்துப் படகில் கீழே போன ஒவ்வொருவருக்கும் தனிக் கயிறு இருந்தது. இன்று படகுக்குக் கயிறு இருக்கிறது, ஆளுக்கு இல்லை.

போன் மட்டும் உடம்பில் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். தொடுதிரை விரலின் மின்தன்மையை உணர்ந்து வேலை செய்வது. உப்புநீரும் மின்சாரத்தைக் கடத்தும். திரையில் நாலு துளி விழுந்தால் அதற்கு நாலு விரல் பட்டதுபோலத்தான். அவசரத்தில் எண் அழுத்த முடியாது. ஐ.பி.68 என்று பெட்டியில் போட்டிருப்பதும் நன்னீரில் சோதித்துப் பெற்ற தரம். கடல் நீர் சார்ஜ் போடும் துளைக்குள் தங்கிக் காய்ந்தால் உப்பு படியும், மின்சாரம் பாயும்போது அரிக்கும். அதனால்தான் பாலித்தீன் பை. அந்தப் பையைக் கட்டியவருக்குக் கடல் தெரிந்திருக்கிறது. அவருக்கு வேண்டியது, ஈரக்கையாலும் கையுறையாலும் அழுத்தக்கூடிய ஒரே ஒரு பெரிய பொத்தான், தோளில். இழுத்தால் தானே விட்டுக்கொள்ளும் பிடிப்பு. மிதக்கும் உறை, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில்.

பதினொரு எழுத்து

1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடியில், 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயர் தாங்கிய துறைமுகத்தில், நிலைமை வேறு. ஒவ்வொரு சரக்குப்பெட்டிக்கும் நாலு எழுத்தும் ஏழு எண்ணுமாகப் பதினொரு குறி. கடைசி எண், முன்னால் உள்ள பத்தையும் சரிபார்க்கும். ஒரு எழுத்து தவறினாலும் கணக்கு இடறும். சாக்கட்டியும் அட்டையும் பிடித்து எழுதிய டாலி வேலையை, அதாவது சரக்கை எண்ணிக் குறிக்கும் வேலையை, இன்று உலகத்துச் சரக்குப்பெட்டி முனையங்களில் கைக்கருவி செய்கிறது. ஒரு கையில் கருவி பிடித்தபடி ஏணியில் ஏறுவது எந்தப் பாதுகாப்பு விதிக்கும் ஒவ்வாது. இரண்டு கை, இரண்டு கால் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும். இங்கேதான் முன்கைப் பட்டை பொருந்தும். நிலக்கரி கன்வேயர் பக்கம் போகிறவருக்குப் பொருந்தாது, அங்கே தொங்கும் நாடா ஒவ்வொன்றும் ஆபத்து. மூன்று ஷிப்டிலும் மூன்று பேர் ஒரே பட்டையைக் கட்டினால் ஒருவர் வேர்வை அடுத்தவர் தோலுக்கு. ஆகவே கருவி பொதுவாக இருக்கலாம், பட்டை ஆளுக்கு ஒன்று. இது பெரிய செலவும் இல்லை.

உப்பளத்துப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் போன் திரை தெரியாது. இடுப்பில் செருகினால் வேர்வை, பாத்தியில் குனிந்தால் உப்புநீருக்குள். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வரும் அழைப்பு வரப்பில் கிடக்கும் பையிலேயே அடித்து ஓயும். முதுகுப்பக்கம் தோளோடு ஒட்டிய, காற்றோட்டமான ஒரு சிறு பை தைக்க எந்த ஆராய்ச்சிக்கூடமும் வேண்டாம். அவர்களைக் கேட்டுத் தைக்க ஒரு தையல்காரர் போதும்.

மற்றவற்றைச் செய்ய ஆள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். 1977இல் தொடங்கிய மீன்வளக் கல்லூரி இங்கே இருக்கிறது. மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. சிப்பிக்குள் கரு வைத்து உருண்டையான முத்தை இந்தியாவில் முதன்முதலாக விளைவித்துக் காட்டியது அந்த நிலையம்தான், 1973இல், கே.அழகர்சாமியின் முயற்சியில். முத்தையே வளர்த்தவர்களுக்கு ஒரு தோள்பட்டைப் பிடிப்பு பெரிய காரியமா? பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு இதைவிட நல்ல இறுதியாண்டு வேலை கிடைக்காது. மீன்வளத் துறை கருவிக்குக் கொடுக்கும் மானியத்தில் ஒரு சிறு பங்கைப் பட்டைக்கும் பிடிப்புக்கும் பயிற்சிக்கும் ஒதுக்கலாம். சங்குகுளி மீனவர்களுக்கு முதலில். அவர்களுக்கு ஆபத்து நாள்தோறும்.

மாதிரி தயாரானால் சோதிக்க வேண்டியது கடலில், வலையோடு, ஈரக்கையோடு. அதற்கு முன் கரையில் கேட்டுத் திருத்தவும் ஒரு காலம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். வலை பின்னவும் இன்ஜின் பழுதுபார்க்கவும் ஆட்கள் கரையில் இருப்பார்கள். அவர்களை உட்காரவைத்து, பட்டையைத் தோளில் மாட்டிவிட்டு, எங்கே உறுத்துகிறது, எங்கே வலை மாட்டும், ஒரு கையால் கழற்ற எத்தனை நொடி ஆகிறது என்று கேட்டு எழுத அந்த இரண்டு மாதம் போதும். கச்சான் காற்று ஓங்கும் ஜூன் நடுவில் படகுகள் மறுபடி இறங்கும்போது முதல் நூறு பட்டைகள் தோளேறிவிடலாம்.